காதால் கேட்டு எழுதலாமா? பன்னிரண்டு வார ஸ்பெல்லிங் வகுப்பைப் பற்றி ஒரு மதிப்புரை

சட்டையில் தைத்திருப்பதும் பாக்கெட்தான். காலையில் வாசலில் வந்து விழும் பாலும் பாக்கெட்தான். தமிழில் பேசும்போது இவ்விரண்டுக்கும் நாம் ஒலியில் வேறுபாடு காட்டுவதில்லை. காட்ட வேண்டிய தேவையும் இதுவரை எழுந்ததில்லை. நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகள், பள்ளியில் நடந்த ஆங்கிலச் சொல்வதெழுதுதலில் இரண்டையும் ஒரேமாதிரி 'ஏ' போட்டு எழுதி, ஒன்றுக்குச் சரியும் மற்றொன்றுக்குத் தவறும் வாங்கி வந்தாள். காலேஜ், டாக்டர், காபி ஆகியவற்றிலும் முதல் உயிருக்கு அதே 'ஏ'. மெய்யெழுத்துகளில் ஒரு பிழைகூட இல்லை என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. குழந்தைக்குக் காது நன்றாகவே கேட்கிறது; கேட்ட உயிரொலிக்கு எந்த எழுத்தைப் போடுவது என்பதில்தான் தடுமாற்றம். அந்தத் தடுமாற்றத்தைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்த ஒரு வாரஇறுதி வகுப்பில் அவளைச் சேர்த்தேன். பன்னிரண்டு வாரங்கள் முடிந்துவிட்டன. இதே பாடத்திட்டத்தைப் பல மையங்கள் வெவ்வேறு பெயர்களில் நடத்துவதால், மையத்தின் பெயரை விட்டுவிட்டு வகுப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஒரு சிறு விளக்கம்: இங்கே 'ஏ', 'இ', 'ஐ', 'ஓ', 'யூ' என்று மேற்கோள் குறிக்குள் வருபவை ஆங்கில எழுத்துகளின் பெயர்கள். அகரம், ஆகாரம், ஏகாரம் என்று வருபவை காதில் விழும் ஒலிகள். இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதில்தான் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

சனி, ஞாயிறு காலைகளில் ஒரு மணி நேரம் வீதம் மொத்தம் இருபத்து நான்கு வகுப்புகள். இரண்டு பயிற்சிப் புத்தகங்களுக்கும் ஒரு கைபேசிச் செயலிக்கும் சேர்த்துக் கட்டணம் 5,500 ரூபாய். ஒரு பிரிவில் பதினான்கு குழந்தைகள். பெற்றோர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று அனுமதித்தது இம்மையத்தின் நல்ல குணங்களுள் ஒன்று. நான் பதினேழு வகுப்புகளில் உட்கார்ந்தேன். துண்டுப் பிரசுரத்தில் அச்சிட்டிருந்த வாக்குறுதி இது: ஒலியைச் சரியாகக் கேட்கக் கற்றுக்கொண்ட குழந்தை, கேட்கும் எந்தச் சொல்லையும் பிழையின்றி எழுதும். இந்த வாக்குறுதியில் முற்பாதி நிறைவேறியது.

முதல் நான்கு வாரங்களைப் பற்றி எனக்குப் பாராட்டைத் தவிர வேறு சொல்ல இல்லை. அகர வரிசையைக் கைவிட்டு எஸ், ஏ, டி, ஐ, பி, என் (s, a, t, i, p, n) என்ற ஆறு எழுத்துகளில் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் ஃபோனிக்ஸ் முறையில், அதாவது எழுத்தை அதன் ஒலியோடு இணைத்துக் கற்பிக்கும் பள்ளிகள் பலவும் பின்பற்றும் வரிசை இது; இந்த ஆறை மட்டும் வைத்துக்கொண்டே முதல் வாரத்தில் பத்திருபது சிறு சொற்களைக் கோத்துவிட முடியும் என்பது இதன் வசதி. அடுத்து, குறில் உயிர்களை வாயின் திறப்பை வைத்துக் கற்பித்தார் ஆசிரியை. ஒவ்வொரு குழந்தையின் கையிலும் ஒரு சிறு கண்ணாடி. பேனாவைக் குறிக்கும் பென், வாணலியைக் குறிக்கும் பேன் ஆகிய இரண்டையும் சொல்லிப் பார்த்து, இரண்டாவதற்குத் தாடை எவ்வளவு கீழே இறங்குகிறது என்று விரலால் அளக்க வேண்டும். தமிழ்க் காது இவ்விரண்டையும் எகரம், ஏகாரம் என்று நீளத்தால் பிரித்துக்கொள்கிறது. ஆங்கிலத்திலோ வேறுபாடு நீளத்தைவிட வாயின் திறப்பில்தான் அதிகம் இருக்கிறது. அதனால்தான் ஒருவர் விரைவாகப் பேசி அந்த நீளம் குறைந்துவிட்டால், ஒரு மனிதன் (மேன்) பல மனிதர்களாகி (மென்) 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'இ' வந்து உட்காருகிறது. கண்ணாடிப் பயிற்சிக்குப் பிறகு என் மகளிடம் இப்பிழை ஏறக்குறைய மறைந்துவிட்டது.

ஆகாரத்தைப் பிரித்துக் காட்டிய வகுப்பு இன்னும் சிறப்பு. தமிழர் ஆகாரமாகக் கேட்டு ஆகாரமாகவே சொல்லும் ஆங்கிலச் சொற்களில் குறைந்தது மூன்று வெவ்வேறு உயிர்கள் ஒளிந்திருக்கின்றன. கார், பார்க் என்பவற்றில் இருப்பது உண்மையான நெடில் ஆகாரம், எழுத்து 'ஏ'. காலேஜ், டாக்டர், காபி, ஆபீஸ், சட்டைப் பாக்கெட் ஆகியவற்றில் இருப்பது உதட்டைச் சற்றுக் குவித்துச் சொல்லும் குறில், எழுத்து 'ஓ'. ஹால், விளையாடும் பால் போன்றவற்றில் இருப்பது உதட்டை மேலும் குவித்து நீட்டும் ஒலி. எழுத்து மீண்டும் 'ஏ', ஆனால் பின்னால் இரண்டு எல். பால் பாக்கெட்டின் பாக்கெட்டோ தாடை இறங்கும் அந்தப் 'பேன்' குடும்பத்தைச் சேர்ந்தது. நாம்தான் அதை ஆகாரமாக்கிவிட்டோம். கண்ணாடியில் உதடு சற்றே குவிந்தால் 'ஓ', குவியாமல் வாய் திறந்தால் 'ஏ' என்ற ஒரே குறிப்பைக் கொண்டு, என் மகள் அன்று மாலையே வீட்டில் இருந்த மருந்துப்பெட்டி முதல் நாட்காட்டி வரை எல்லாவற்றையும் சோதித்துக்கொண்டிருந்தாள்.

இந்த நல்ல வேலையைக் கெடுத்தது அவர்கள் கொடுத்த செயலி. அதில் ஒலிப்பதிவுகள் அமெரிக்க உச்சரிப்பில் இருக்கின்றன. பெரும்பாலான அமெரிக்கர்கள் அந்த 'ஓ' குறிலை உதடு குவிக்காமல் ஆகாரத்துக்கு நெருக்கமாகவே சொல்கிறார்கள். அதாவது, வகுப்பில் கண்ணாடியை வைத்துப் பிரித்துக் கொடுத்த இரண்டு ஒலிகளைச் செயலி வீட்டில் மீண்டும் ஒன்றாக்கிவிடுகிறது. மூன்றாவது வாரம் செயலியில் சொல்வதெழுதுதல் செய்துவிட்டு வந்த குழந்தைகளில் பலர் பழையபடி 'ஏ' போட்டிருந்ததை ஆசிரியையே கவனித்தார். பாடத்தை ஒரு உச்சரிப்பிலும் பயிற்சியை மற்றோர் உச்சரிப்பிலும் வைப்பது, விற்பவர்கள் யோசித்திருக்க வேண்டிய குறை. பயிற்சிப் புத்தகங்கள் பரவாயில்லை; அச்சு பெரியது, தாள் தடிமனானது, விடைகள் பின்னால் இருக்கின்றன.

தமிழில் உயிரெழுத்து பன்னிரண்டு. எழுத்துக்கு ஒரு ஒலி, ஒலிக்கு ஒரு எழுத்து என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தின் பிரிட்டிஷ் உச்சரிப்பில் உயிரொலிகள் ஏறத்தாழ இருபது. எழுத்துகளோ ஐந்து, துணைக்கு 'ஒய்'. ஐந்து பாத்திரங்களில் இருபது குழம்பை ஊற்றி வைத்திருக்கும் வீட்டில், எதில் எது இருக்கிறது என்பதை வெளியிலிருந்து முகர்ந்து மட்டும் சொல்லிவிட முடியாது. அகரத்தையே எடுத்துக்கொள்வோம். கப், பஸ், லஞ்ச் ஆகியவற்றில் அகரத்துக்கு 'யூ' வருகிறது. நேர்த்தியான விதி என்று குழந்தை நம்பத் தொடங்கும்போதே மங்கி, லண்டன், மதர், மகனைக் குறிக்கும் சன் ஆகியவை 'ஓ'வோடு வந்து நிற்கின்றன. ஆசிரியை இவற்றை "விதிவிலக்கு" என்று சொல்லி மனப்பாடம் செய்யச் சொன்னார். இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு. இடைக்கால எழுத்தர்கள் எம், என், யூ, வி ஆகிய எழுத்துகளை ஒரேமாதிரியான குத்துக்கோடுகளால் எழுதியதால், அவை அடுத்தடுத்து வந்தபோது படிப்பவர் கண் குழம்பியது. அதைத் தவிர்க்க அவ்விடங்களில் 'யூ'வை 'ஓ'வாக மாற்றினார்கள் என்பது அது. எம், என், வி அருகில் அகரம் கேட்டால் 'ஓ'வைச் சந்தேகி என்று ஒரு வரியில் சொல்லியிருந்தால், பத்துச் சொல் மனப்பாடம் ஒரு குறிப்பாகச் சுருங்கியிருக்கும். அச்சகத்தில் புரூஃப் பார்த்தே வயதாகிவிட்ட எனக்கு, எழுத்தரின் கைவசதிக்காக ஒரு மொழியின் எழுத்தே மாறியது வியப்பாகவும் இல்லை.

ஐந்தாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை நெடில்கள். சொல்லின் கடைசியில் ஒலிக்காமல் நிற்கும் 'இ', முன்னால் உள்ள உயிரை நீட்டித் தன் எழுத்தின் பெயரையே ஒலிக்கச் செய்யும் என்ற பாடத்தைப் பாட்டோடும் கைதட்டலோடும் நடத்தினார்கள், குழந்தைகளுக்குப் பிடித்திருந்தது. ஈகாரம் கேட்டால் 'இ' இரட்டையா, 'இ-ஏ'வா, 'ஐ-இ'யா என்பதில்தான் வண்டி நின்றது. 'சி'க்குப் பின் தவிர மற்ற இடங்களில் 'இ'க்கு முன் 'ஐ' வரும் என்ற பழைய வாய்ப்பாட்டை இரண்டு வகுப்புகளில் உருப்போட வைத்தார்கள். நம்புதல், பெறுதல் என்ற பொருள்தரும் பிலீவ், ரிசீவ் ஆகிய இரண்டுக்கும் அது உதவும். புரோட்டீன் அதை மீறுகிறது. சயின்ஸ் வேறு பக்கத்திலிருந்து மீறுகிறது. 2009-இல் இங்கிலாந்து அரசின் ஆசிரியர் வழிகாட்டியே இவ்வாய்ப்பாடு கற்பிக்கத் தகுந்ததன்று என்று சொல்லிவிட்ட பிறகும், நம் ஊரில் அது இரண்டு மணி நேரத்தை விழுங்குகிறது.

அந்த வகுப்பில் ஒரு சிறுவன் எழுந்து, "ஏன் மிஸ் ஒரே சத்தத்துக்கு இத்தனை ஸ்பெல்லிங்?" என்று கேட்டான். இங்கிலீஷ் அப்படித்தான் என்று பதில் வந்தது. கேள்வி இதைவிட நல்ல பதிலுக்குத் தகுதியானது. வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் அமைத்ததிலிருந்து ஆங்கில எழுத்துமுறை அச்சில் மெல்ல உறையத் தொடங்கியது. ஆனால் சுமார் 1400 முதல் 1700 வரை அம்மொழியின் நெடில் உயிர்கள் அனைத்தும் இடம்பெயர்ந்துகொண்டிருந்தன. பெயரைக் குறிக்கும் நேம் என்ற சொல் அதற்குமுன் 'நாம' என்பதுபோல ஒலித்தது. டைம் 'தீம' என்பதுபோல ஒலித்தது. ஒலி நகர்ந்துவிட்டது, எழுத்து நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. 'இ-ஏ'வும் இரட்டை 'இ'யும் ஒருகாலத்தில் இரண்டு வேறு ஒலிகளைக் குறித்தவை. இன்று காதுக்கு ஒன்றாகிவிட்டாலும் கண்ணுக்கு இரண்டாகவே இருக்கின்றன. எட்டு வயதுக் குழந்தைக்கும் இதைக் கதையாகச் சொல்லிவிடலாம்.

இனி என் முதன்மையான மனக்குறைக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரொலி, அழுத்தம் இல்லாத அசையில் வாயைச் சற்றே திறந்து தேய்த்துச் சொல்லும் மங்கலான அகரம். ஷ்வா என்று அதற்குப் பெயர். அதற்கென்று தனி எழுத்து இல்லை. ஐந்து எழுத்துகளில் எதுவும் அதைக் குறிக்கலாம். அபௌட் என்பதில் 'ஏ', டேக்கனில் 'இ', பென்சிலில் 'ஐ', லெமனில் 'ஓ', சர்க்கஸில் 'யூ'. எனவே காதால் கேட்டு எழுதுவது என்ற முறை இந்த இடத்தில் தோற்றே ஆக வேண்டும்; கேட்கக்கூடிய வேறுபாடே அங்கு இல்லை. இருபத்து நான்கு வகுப்புகளில் இதற்கு ஒதுக்கியது ஒரே ஒரு வகுப்பு, அதுவும் பதினொன்றாம் வாரத்தில். அந்த வகுப்பிலும் "கவனமாகக் கேளுங்கள், திரும்பச் சொல்கிறேன்" என்றுதான் ஆசிரியை சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனை முறை சொன்னாலும் டிரைவரின் கடைசி உயிரும் கண்டக்டரின் கடைசி உயிரும் ஒன்றுதான். ஒரே பேருந்தில் பயணம் செய்யும் அந்த இருவரில் ஒருவருக்கு 'இ-ஆர்', மற்றவருக்கு 'ஓ-ஆர்' என்பதைக் காது ஒருபோதும் சொல்லாது. டாலர், காலர், கிராமர், காலண்டர் ஆகியவற்றில் அதே ஒலிக்கு 'ஏ-ஆர்' என்பதையும் சொல்லாது.

அதைச் சொல்வது வேறு ஒன்று: சொல் எங்கிருந்து வந்தது என்பது. கண்டக்டர், இன்ஸ்பெக்டர், கலெக்டர், டைரக்டர், எடிட்டர், ஆக்டர்: இவையெல்லாம் இலத்தீன் வழி வந்த, 'டி'யில் முடியும் வினைகளிலிருந்து பிறந்தவை. அவற்றுக்குப் பெரும்பாலும் 'ஓ-ஆர்'. ஓட்டுதல், கற்பித்தல், எழுதுதல் போன்ற பழைய ஆங்கில வினைகளிலிருந்து வந்த டிரைவர், டீச்சர், ரைட்டர் ஆகியவற்றுக்கு 'இ-ஆர்'. ரிப்போர்ட்டர், பிரிண்டர் என்று மீறுபவை உண்டு. இருந்தாலும் காதைவிட இந்தக் குறிப்பு அதிக நம்பகமானது.

இதைத் தமிழ்க் குழந்தைக்குப் புரிய வைப்பது கடினம் என்று மையத்தின் பொறுப்பாளர் என்னிடம் சொன்னார். நான் அப்படி நினைக்கவில்லை. தமிழ்க் குழந்தை ஏற்கெனவே இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. வீட்டில் அது கேட்பது 'கொட', எழுதுவது குடை. கேட்பது 'எல', 'எடம்', 'ஒலகம்'. எழுதுவது இலை, இடம், உலகம். சொல்லின் கடைசியில் ஐகாரம் குறுகி அகரம்போல ஒலிக்கும் என்று நம் இலக்கணமே ஐகாரக்குறுக்கம் என்று பெயரிட்டு வைத்திருக்கிறது. உகரம் அரை மாத்திரையாகத் தேய்வதற்குக் குற்றியலுகரம் என்று பெயர் உண்டு. 'தல' என்று கேட்கும் சொல்லின் முடிவில் இருப்பது அகரமா ஐகாரமா என்று ஐயம் வந்தால், 'தலையில்' என்று உருபைச் சேர்த்துப் பார்க்கும்போது யகரம் தோன்றி, மறைந்திருந்த ஐகாரத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. தனிச்சொல்லில் மங்கிய உயிர், அதன் உறவுச் சொல்லில் தெளிவாக வெளிப்படுகிறது.

ஆங்கிலத்திலும் இதே வழி திறந்திருக்கிறது. கிராமரின் இரண்டாம் உயிர் மங்கல்; கிரமேட்டிக்கல் என்னும்போது அழுத்தம் அங்கே நகர்ந்து 'ஏ' வெளிப்படுகிறது. சிமிலரின் முடிவு மங்கல். சிமிலாரிட்டியில் 'ஏ' தெரிகிறது. எடிட்டரின் 'ஓ' எடிட்டோரியலிலும், ஆத்தரின் 'ஓ' அத்தாரிட்டியிலும், மெமரியின் 'ஓ' மெமோரியலிலும் தலைகாட்டுகின்றன. காம்பெட்டிஷனில் நடுவில் என்ன எழுத்து என்றால் கம்பீட்டைக் கேட்க வேண்டும். டெஃபனிட்டில் என்ன என்றால் டிஃபைனைக் கேட்க வேண்டும். ரெசிடென்ஸின் முடிவுக்கு ரெசிடென்ஷியல் 'இ' என்கிறது. சப்ஸ்டன்ஸுக்கு சப்ஸ்டான்ஷியல் 'ஏ' என்கிறது. பெரியவர்களும் தவறவிடும் செப்பரேட்டுக்குக்கூட ஓர் உறவு உண்டு: பிரிப்பேரும் அதுவும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து வந்தவை, பிரிப்பேரின் 'ஏ'தான் செப்பரேட்டின் நடுவிலும் நிற்பது.

பதினொன்றாம் வாரத்துக்குப் பிறகு வீட்டில் இதை நாங்கள் ஒரு விளையாட்டாக்கிக்கொண்டோம். நான் சொல்லைச் சொல்வேன். அவள் எழுதுவதற்கு முன் அதன் சொந்தக்காரர் ஒருவரைக் கண்டுபிடிக்க வேண்டும். மூன்றாம் நாள், "அப்பா, டாக்டருக்குச் சொந்தக்காரங்க யாருமே இல்லையா?" என்று கேட்டாள். எட்டும் தூரத்தில் யாரும் இல்லை. அதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும் என்று ஒப்புக்கொண்டேன். இந்த முறை எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. முடியும், இயலும் என்ற பொருளில் வரும் விகுதி 'ஏ'யில் தொடங்குமா 'ஐ'யில் தொடங்குமா என்பதற்கு உறவினர்கள் எப்போதும் வாய் திறப்பதில்லை.

அமெரிக்காவில் 1925 முதல் நடந்துவரும், சொல்லைக் கேட்டு எழுத்துக்கூட்டிச் சொல்லும் தேசிய ஸ்பெல்லிங் பீ போட்டியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கே மேடையேறும் சிறுவர்கள் சொல்லைத் திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்பதோடு நிறுத்துவதில்லை. பொருள் என்ன, எந்த மொழியிலிருந்து வந்தது என்றும் கேட்கிறார்கள். அதற்கு விதிகளே இடம் தருகின்றன. 1985-இல் பாலு நடராஜன் வென்ற இறுதிச் சொல், சூழலைக் குறிக்கும் மில்யூ. பிரெஞ்சுச் சொல் என்று தெரியாதவர் அதன் முடிவில் மூன்று உயிரெழுத்துகளை அடுக்க நினைத்துப் பார்க்கவும் மாட்டார். 2021-இல் ஸெய்லா அவான்ட்-கார்ட் வென்ற சொல் முர்ராயா. நம் கறிவேப்பிலை சேர்க்கப்பட்ட தாவரப் பேரினத்தின் பெயர். முர்ரே என்ற தாவரவியலாளரின் பெயரிலிருந்து வந்தது என்று அறிந்தவருக்கு நடுவில் 'ஏ-ஒய்' என்பது தானே விளங்கும். உலகின் மிகக் கூர்மையான காதுகளை உடைய குழந்தைகளே காதை மட்டும் நம்புவதில்லை.

வகுப்பில் மாதம் ஒருமுறை பொருளற்ற சொற்களைக் கொடுத்துச் சோதிக்கிறார்கள். இங்கிலாந்தில் 2012 முதல் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளுக்கு நடக்கும் ஃபோனிக்ஸ் சோதனையிலும் நாற்பது சொற்களில் இருபது பொருளற்றவைதான். குழந்தை சொல்லை மனப்பாடமாக ஒப்பிக்காமல் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறதா என்று பார்க்க அது நல்ல வழி. ஆனால் அது வாசிப்புக்கான சோதனை. எழுதுவதற்குப் பொருளற்ற சொல்லைக் கொடுப்பதில் பயன் குறைவு. பொருளற்ற சொல்லுக்கு உறவினர் கிடையாது.

பலன் என்ன என்று கேட்பவர்களுக்கு என் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். சேருவதற்கு முன் நாற்பது சொற்களை எழுதச் சொன்னேன், பதினேழு பிழைகள். பன்னிரண்டு வாரம் முடிந்தபின் அதே அளவு கடினமான வேறு நாற்பது சொற்கள், ஒன்பது பிழைகள். அந்த ஒன்பதில் எட்டு, அழுத்தமில்லாத அசையில் வந்த மங்கலான உயிர். கற்பித்ததைக் குழந்தை கற்றுக்கொண்டிருக்கிறாள். கற்பிக்காததை அவளால் காதால் பிடிக்க முடியவில்லை.

ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள, படுக்கையைக் குறிக்கும் பெட்டுக்கும் கெட்டதைக் குறிக்கும் பேடுக்கும் எழுத்து மாற்றிப் போடும் குழந்தைகளுக்கு இவ்வகுப்பைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். முதல் எட்டு வாரங்களுக்கே 5,500 ரூபாய் தகும். செயலியைத் திறக்காமல் இருப்பது நல்லது. ஒன்பது வயதுக்கு மேற்பட்டு, சிறு சொற்களைப் பிழையின்றி எழுதி, மூன்று நான்கு அசைச் சொற்களில் மட்டும் தடுமாறும் குழந்தைகளுக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

இரண்டாம் நிலை ஜூனில் தொடங்குகிறது. கட்டணம் 7,000 ரூபாய். சேர்க்கும் முன் பாடப்புத்தகத்தைக் காட்டச் சொன்னேன், மறுக்காமல் காட்டினார்கள். இருபத்து நான்கு பாடங்களில் பதினாறு, இரட்டை உயிரெழுத்துச் சேர்க்கைகளைப் பற்றியவை. ஷ்வாவுக்கு மீண்டும் ஒன்றே ஒன்று. சொற்குடும்பத்தைப் பற்றி ஒரு பாடமாவது சேர்க்க முடியுமா என்று ஆசிரியையிடம் கேட்டேன். பாடத்திட்டம் தலைமையகத்திலிருந்து வருவது, தன்னால் மாற்ற இயலாது என்றவர், கிராமர், கிரமேட்டிக்கல் என்று தன் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். நான் பணம் கட்டவில்லை.